தீர்ப்புக்குக் காத்திருந்த கலந்துரையாடல்

நீங்கள்தாம் என் சாட்சிகள். ஆய்வு முறையியல் பட்டறைக்குப் புதிய பயிற்றுநர்களாக வந்திருக்கும் நண்பர்களே, இந்த வரியைப் படித்த கணத்திலேயே அந்தப் பொறுப்பை ஏற்றுவிட்டீர்கள். நாளை விடியலில் உங்களை ஒரு ஜீப்பின் பின் இருக்கையில் நெருக்கி உட்கார வைக்கப்போகிறார்கள். கையில் மைக் இருக்காது. வினாநிரல் பைக்குள் இருக்கும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களின் தூக்குவாளிகள் உங்கள் முழங்காலில் இடிக்கும். பல்கலைக்கழகப் பட்டறைக்கும் இந்த நெருக்கடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஊரறிய நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றும் வேலை இனி உங்களுடையது. ஆகவே அந்த வாக்கு பிறந்த கதையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன்.

முப்பது வயதைத் தொடுவதற்குள் ஓய்வுபெறுகிறானே என்று சிரிக்க வேண்டாம். களப்பயிற்சிப் பொறுப்பிலிருந்துதான் ஓய்வு. இனி என் சொந்த ஆய்வேட்டை முடித்தாக வேண்டும். மேடையிலிருந்து நான் ஓய்வுபெறவில்லை, பெறுவதாகவும் இல்லை. பள்ளிப் பருவத்திலிருந்து பட்டிமன்ற மேடைகளில் வளர்ந்தவன் நான். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் பேசுவேன். காலையில் ஒரு பக்கம் பேசிவிட்டு மாலையில் வேறோர் ஊரில் அதன் எதிர்ப்பக்கம் பேசிக் கைதட்டல் வாங்கியதும் உண்டு. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். இந்தப் பெருமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு அது தேவைப்படும்.

சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கான அந்தப் பட்டறை தேனி அல்லிநகரத்தில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. மாதிரி எடுப்பு, வினாநிரல் தயாரிப்பு, நேர்காணல் என்று வகுப்புகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை விவரித்து உங்களை வதைக்க மாட்டேன். அந்தப் பாடங்களுக்கு நடுவில் ஒரே ஓர் ஆய்வாளருக்கு மட்டும் பட்டறை உயிர்ப்போராட்டமாக இருந்தது. அவர் பெயர் சபீனா. உத்தமபாளையத்துப் பெண். கம்பம் பள்ளத்தாக்கின் பெண் தொழிலாளர்கள் உள்ளூர்த் திராட்சைத் தோட்டங்களில் வேலை இருக்கும்போதே ஏன் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள் என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி. “களத்துக்குப் போகாமல் ஊகத்தில் எழுதியிருக்கிறீர்கள்” என்று ஆய்வுக்குழு ஒருமுறை அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது. அவருடைய நெறியாளர் அந்த மாத முடிவில் பணி ஓய்வு பெறவிருந்தார். அதற்குள் குழு தலைப்பை உறுதிசெய்யாவிட்டால் நெறியாளர் மாறுவார், அவரோடு தலைப்பும் மாறும். இரண்டாண்டு உழைப்பை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பட்டறையின் இறுதி நாளான திங்கட்கிழமை பிற்பகல், அதே மண்டபத்தில் குழு கூடுவதாக இருந்தது.

களத்துக்கென்று ஒதுக்கிய நாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பத்துக்கும் மலையடிவாரத்து லோயர் கேம்புக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரில் பெண்களோடு குழுக் கலந்துரையாடல் நடத்த வேண்டும். ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து, ஒரு பொருளைப் பற்றி அவர்களுக்குள் பேசவிட்டு, நாம் கேட்டுக்கொண்டிருக்கும் முறை அது. நடத்துநர் நான், குறிப்பெடுப்பவர் சபீனா.

சமுதாயக் கூடத்துக்குப் போனால் எங்களுக்கு முன்பே மைக் வந்திருந்தது. வார்டு உறுப்பினர் அதைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி, வாங்க. போன திருவிழாவுக்கு நம்ம காளியம்மன் கோயில் மேடையில பேசுனது நீங்கதான? எங்காத்தா இன்னும் அதையே சொல்லிக்கிட்டுத் திரியுது. அம்புட்டுப் பேரும் வந்துட்டாக, ஆரம்பிங்க.”

மைக்கை நான் அணைத்துவிட்டேன். அதை அங்கிருந்து எடுத்துப் போகச் சொன்னதற்கு அவர், “இருக்கட்டும் தம்பி, ஒரு அழகுக்கு” என்று சொல்லிவிட்டார். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி முன்னதாகவே தகவல் அனுப்பியிருந்தோம். அவை இருபுறமும் எதிரெதிராக இரண்டு வரிசையாகவும், நடுவில் எனக்கு ஒன்றாகவும் போடப்பட்டிருந்தன. வட்டமாக மாற்றலாமா என்று கேட்டேன். பெண்கள் அதற்குள் உட்கார்ந்துவிட்டார்கள். எழுப்புவது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன். முன்பு தேவதானப்பட்டியில் ஒருவரிடம் வினாநிரலைக் காட்டி, முழுமையாக ஒப்புகிறீர்களா, ஓரளவு ஒப்புகிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டபோது, “வெயில்ல வந்திருக்கீக, நீங்க எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்” என்று மோர் கொடுத்து அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட உபசாரம் இந்த ஊரில் நடக்கவில்லை என்ற மகிழ்ச்சியில் இருந்தேன். காரணம், நான் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே சண்டை தொடங்கிவிட்டது.

முதலில் எழுந்தவர் பஞ்சவர்ணம். நாற்பதைத் தாண்டியவர், கணீரென்ற குரல்.

“மலை வேலைதான் வேலை. குளுகுளுன்னு நெழல்ல நின்னு காய் எடுக்கலாம். இங்கன பந்தலுக்குக் கீழ நின்னா நாள் முச்சூடும் அண்ணாந்து பாக்கணும். திராட்சைக் கொத்தைப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்தே கோணிப்போச்சு. சாமி கும்புடக்கூடக் குனிய முடியல!”

எதிர்வரிசையிலிருந்து முத்துமாரி எழுந்தார். பஞ்சவர்ணத்தின் வயதுதான்.

“குளுகுளுன்னுதான் இருக்கும். அட்டைக்கும் அந்தக் குளுருதான் புடிக்கும். காலுல ஏறி ரத்தத்தக் குடிச்சுட்டு உருண்டு விழுகும் பாருங்க, இவளுக்கு அப்பத்தான் தெரியும். விடியக்காலையில போயிட்டு வெளக்கு வச்ச பொறவு வர்றா. பெத்த புள்ள மூஞ்சியத் தூங்குறப்பத்தான் பாக்குறா.”

“தூங்குற புள்ள அழகாத்தான இருக்கும்! முழிச்சிருக்குற ஒம் மகனத்தான் ஊரே பாத்துக்கிட்டிருக்குல்ல!”

கூடம் அதிர்ந்தது. முத்துமாரியும் சிரித்துவிட்டார், ஆனாலும் விடவில்லை.

“ஏன் பாக்காது? எம் மகன் ரோட்டுல நிக்கிறான்னு சொல்றதுக்காவது பெத்தவ ஊருக்குள்ள இருக்கணும்ல. நீ மலையில இருந்து எவன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்குவ? ஏலத்தோட்டத்து சேச்சிகிட்டயா?”

மாறி மாறி ஒவ்வொருவரும் பேசினார்கள். மலை வரிசை மலைக்கு, தோட்ட வரிசை தோட்டத்துக்கு. இடையில் புகுந்து தூண்டிவிட வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை. மேடையில் பழகிய பேச்சாளர்கள்கூட இவ்வளவு கூர்மையாக மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு சபீனாவின் பேனாவும் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு தெளிவான தரப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள். ஆய்வேட்டின் முதல் இயல் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து தன்னைத் தானே எழுதிக்கொண்டிருப்பதாக அவர் முகம் சொன்னது.

நான் நன்றி சொல்லி முடித்தேன். யாரும் எழவில்லை.

தேநீர் வரும் என்று காத்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். தேநீர் வந்தது, குடித்தார்கள், அப்போதும் எழவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முறை நன்றி சொன்னேன். “சரி தம்பி” என்று ஒருவர் இழுத்தார். பிறகு மெதுவாக, ஏதோ குறைபட்டதுபோல ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அன்று மாலை அல்லிநகரத்தில் பட்டறையின் ஒருங்கிணைப்பாளரிடம் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினோம். குறைவாகப் பேசும், நிறையக் கேட்கும் அம்மையார் அவர். அவரோடு இருந்த வெளி வல்லுநர், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழுவுக்காக வந்தவர், பாதி கேட்பதற்குள் கைகளைத் தட்டினார். “குழுக் கலந்துரையாடலுக்கு இது ஒரு முன்மாதிரி. நாளை குழுவில் இதையே வையுங்கள், அம்மா. உங்களுக்கு எந்தத் தடையும் இருக்காது” என்றார். சபீனாவின் கண்கள் கலங்கின. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நன்றி சொன்ன பிறகும் யாரும் எழாததை, வேடிக்கையாக இருக்கட்டுமே என்று நான்தான் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை.

“ஏன் எழவில்லை?”

“தெரியவில்லை, அம்மா.”

“தெரியாததை வைத்துக்கொண்டா குழுவுக்குப் போகப்போகிறீர்கள்? காலையில் போய் வாருங்கள். அவர்கள் சொன்னதன் சுருக்கத்தை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். சரியென்றால் சரி.”

சொன்னதைச் சொன்னவரிடமே திரும்பப் படித்துக் காட்டுவது நம் முறையியலில் ஒரு படி. நேரமில்லாதபோது எல்லாரும் முதலில் தாண்டிப் போவதும் அந்தப் படியைத்தான். வல்லுநரும் அதைத் தாண்டலாம் என்று கருதினார். “இவ்வளவு தெளிவான பதிவுக்கு அது எதற்கு?” என்றார். விதிப்படி அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் அந்தப் பெண்கள் எழாமல் உட்கார்ந்திருந்த காட்சி என்னை அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு எத்தனையோ அவைகளைத் தெரியும். சலித்த அவை எப்படி நெளியும், மகிழ்ந்த அவை எப்படி எழும் என்று தெரியும். இந்த அவை எந்த வகையிலும் சேரவில்லை.

திங்கள் விடியலில் தேனியிலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டேன். உத்தமபாளையத்தில் சபீனா ஏறிக்கொண்டார். தோட்டத் தரப்பின் தலைமைப் பேச்சாளர் முத்துமாரியிடம் முதலில் படித்துக் காட்டலாம் என்பது திட்டம். ஊருக்கு வெளியே திராட்சைப் பந்தல்களுக்குள் ஆள்கள் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முத்துமாரி எங்கே என்று கேட்டோம்.

“முத்துமாரியா? அது இங்கன எதுக்கு வருது? ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போங்க, கெளம்பிறப் போகுது.”

நானும் சபீனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஓடினோம்.

ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. பின்பக்கம் ஆள் மேல் ஆளாகப் பெண்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி, காலில் அட்டைக்குப் பயந்து இழுத்துக் கட்டிய நீளச் சாக்ஸ். நடுவில் முத்துமாரி. அவர் தோளில் சாய்ந்துகொண்டு, வெற்றிலை மென்றபடி பஞ்சவர்ணம்.

“அட, பட்டிமன்றத்துத் தம்பி! என்ன, பாப்பாவையும் கூட்டிக்கிட்டு? மலைக்கா வர்றீக?” என்றார் முத்துமாரி.

“உங்களைத்தான் பார்க்க வந்தோம், அக்கா. நீங்க நேத்து பேசுனதைப் படிச்சுக் காட்டணும்” என்றார் சபீனா.

“நின்னு கேக்க நேரமில்ல ஆத்தா. ஏறு, போறப்பப் பேசுவோம். ஏ, தள்ளி உக்காருங்கடி!”

பிற்பகல் குழு. ஜீப் எல்லை தாண்டும் ஜீப். ஏறினால் எங்கே இறங்குவது, எப்படித் திரும்புவது? சபீனா யோசிக்கவில்லை, ஏறிவிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன். முன் இருக்கையைக் கைகாட்டினார் டிரைவர். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டதால், பின்னால் இரண்டு தூக்குவாளிகளுக்கு நடுவில் எனக்குக் கிடைத்த இடத்தில் ஒடுங்கினேன்.

சபீனா தாளை எடுத்தார், படிக்கவில்லை. நேராகவே கேட்டார்.

“அக்கா, மலை வேலையே ஆகாதுன்னு நேத்து நீங்கதான பேசுனீங்க?”

“ஆமா.”

“இப்ப மலைக்குப் போறீங்களே?”

“வேலைக்குப் போகாம? நேத்துப் பேசுனது நேத்தோட முடிஞ்சுச்சுல்ல.”

பஞ்சவர்ணம் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். “குழாயடியிலயே எல்லாம் பேசி வச்சுக்கிட்டோம் பாப்பா. திருவிழாவுல பேசுன தம்பி வர்றாக, எல்லாரும் ஒண்ணையே சொன்னா சப்புன்னு போயிரும்ல? பாதிப் பேரு மலை, பாதிப் பேரு தோட்டம்னு பிரிச்சோம். மலைய நான் முந்திப் புடிச்சுக்கிட்டேன். பாவம், இவளுக்குத் தோட்டம் விழுந்துச்சு. ஆனாலும் விட்டாளா பாருங்க! எம் புள்ளையவே இழுத்துட்டா!”

“நீ மட்டும் எம் மகன விட்டியாக்கும்?”

சபீனாவின் முகம் வெளுத்திருந்தது. “அப்ப நீங்க சொன்னதெல்லாம் பொய்யா, அக்கா?”

முத்துமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏ ஆத்தா, பொய்யினு எவ சொன்னா? அட்டை கடிக்கலையா? வெளக்கு வச்ச பொறவு நாங்க வரலையா? நான் சொன்னதுல ஒண்ணு பொய்யினு காட்டு பாப்போம். பக்கந்தான் என் பக்கமில்ல. சொன்னதெல்லாம் நடக்குறதுதான்.”

என் நிலையை எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் பேசியவன் நான். அவர் சொன்னதன் பொருள் அந்த ஜீப்பில் என்னைவிட வேறு யாருக்கு விளங்கியிருக்க முடியும்? மேடையில் நானும் பொய் சொன்னதில்லை. அடுக்கிய காரணங்கள் அத்தனையும் உண்மை. அவற்றை எந்தப் பக்கத்தில் நின்று அடுக்கினேன் என்பதை மட்டும் யாரோ ஒருவர் அழைப்பிதழில் அச்சிட்டிருப்பார். வரவேற்கிற விருந்தாளிக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து வைப்பதுபோல, எனக்குப் பிடித்ததென்று தாங்கள் அறிந்த ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள் இந்தப் பெண்கள். பட்டிமன்ற ஊர் அல்லாத வேறெங்காவது இப்படி நடந்திருக்குமா என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“சரி அக்கா” என்றார் சபீனா. “யாரும் வரலன்னு வச்சுக்குங்க. மைக்கும் இல்ல. நெசமாவே எதுக்கு மலைக்குப் போறீங்க?”

ஜீப் ஒரு வளைவில் சாய்ந்தது. நாங்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சரிந்து மறுபடி நிமிர்ந்தோம். முந்தைய நாள் கேள்வி முடிவதற்குள் பதில் வந்த வாய்கள் இப்போது சொல் தேடின.

“எதுக்குன்னா…” முத்துமாரி இழுத்தார். “இந்த ஜீப்புல இவ வர்றா. நான் வர்றேன். போன தையில இவ கையில அடிபட்டு மலையேற முடியாமக் கீழ திராட்சைக்குப் போனா. நாங்களும் மலைய விட்டுட்டு அங்கன போயிட்டோம். ஜீப்பு மொத்தமும்.”

“ஆமா, நான் ரெண்டு மாசம் வெறும் வண்டிய வச்சுக்கிட்டு ஈ ஓட்டுனேன்” என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமலே.

“நீ பேசாம ரோட்டப் பாத்து ஓட்டு!” என்று அவரை அதட்டிவிட்டு முத்துமாரி எங்கள் பக்கம் திரும்பினார். “வேலை எங்கன இருந்தா என்ன பாப்பா, ரெண்டு எடத்துலயும் இடுப்பு ஒடியத்தான் செய்யும். யாரு கூட இடிச்சுக்கிட்டு உக்காந்து போறோம்னுதான் நாங்க பாப்போம்.”

மூலையிலிருந்து ஓர் இளம்பெண் தலையை நீட்டினாள். “எனக்கு அப்படியெல்லாம் இல்ல. இவுக யாரும் இல்லாட்டியும் நான் மலைக்குத்தான் போவேன். வீட்டுல மாமியா மூஞ்சியப் பாக்காம இருக்கலாம்ல.”

“அடியே, ஒன் மாமியா எங்க சின்னத்தாடி! இரு, சாயந்தரம் சொல்றேன்” என்றார் பஞ்சவர்ணம்.

சிரிப்புச் சத்தத்தோடு லோயர் கேம்ப் வந்தது. அங்கே எங்களை இறக்கிவிட்டார்கள். பஞ்சவர்ணம் வெளியே தலையை நீட்டி ஏதோ கத்தினார். ஜீப்பின் இரைச்சலில் அது எங்களை வந்தடையவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறி மறைந்தது.

மின்நிலையத்தின் குழாய்கள் மலைச்சரிவில் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு, பாலத்துச் சுவரில் சபீனா உட்கார்ந்தார். தேனிப் பேருந்து வர நேரமிருந்தது. கையில் இருந்த தாளில் அவருடைய முதல் இயல் இருந்தது. அது சரியாக ஒரு மாலையும் இரவும் வாழ்ந்திருந்தது.

இங்கேதான், நண்பர்களே, தீர்மானிக்க வேண்டிய நேரம் வந்தது. எல்லா வழிகளையும் நான் எண்ணிப் பார்த்தேன். பதிவு உண்மையானது. பேசியவர்கள் உண்மையானவர்கள். சொன்ன காரணங்களும் உண்மை என்று இப்போது உறுதியாகிவிட்டது. வல்லுநருக்கோ ஏற்கெனவே பிடித்துவிட்டது. ஜீப்பில் கேட்டதை அடுத்த கட்ட ஆய்வு என்று ஒத்திப்போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தலைப்பு உறுதியாகும், நெறியாளர் கையெழுத்திடுவார், பிறகு பொறுமையாகத் திருத்திக்கொள்ளலாம்.

அதை அவரிடம் சொன்னேன். “குழுவுக்கு முன்னால் நானே பேசுகிறேன். எங்கேயும் பொய் இருக்காது. ஒரு சொல்கூடத் தவறாக இருக்காது” என்றேன்.

சபீனா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க பேசுனா ஜெயிச்சிரும், அண்ணே. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

தேனிப் பேருந்தில் ஏறினோம். சின்னமனூர் தாண்டும்போது அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆவலை அடக்கிக்கொண்டேன். எதை எடுத்துக்கொள்வார், எதை விடுவார் என்று என் மனம் தனக்குள் இரண்டு தரப்பாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தது. பழக்கம் அப்படி.

பிற்பகல் குழு கூடியது. ஒருபுறம் நெறியாளர், மறுபுறம் வெளி வல்லுநர், நடுவில் ஒருங்கிணைப்பாளர். சபீனா எழுந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு, அதே குரலில் திங்கட்கிழமை நடந்ததையும் சொன்னார். குழாயடியில் பக்கம் பிரித்ததைச் சொன்னார். ஜீப்பைச் சொன்னார். மாமியாரைக்கூட விடவில்லை.

வல்லுநரின் முகம் மாறியது. முந்தைய மாலை அவர் தட்டிய கைகள் மேசைமேல் கிடந்தன. “அப்படியானால் ஒரு நாள் முழுக்க நாடகம் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.”

“நாடகம்தான், சார். ஆனால் வசனம் அவர்களுடையது. காரணங்களை நான் வைத்துக்கொள்கிறேன். யார் எந்தத் தரப்பு என்பதை மட்டும் நீக்கிவிடுகிறேன்.”

“தரப்பை நீக்கினால் உங்கள் ஆய்வில் என்ன மிஞ்சும்? எந்த வேலையைத் தேர்கிறார்கள் என்பதுதானே உங்கள் கேள்வி?”

“அந்தக் கேள்வியே நான் கொண்டுபோனதுதான், சார். அவர்களில் பலர் வேலையைத் தேர்வதாகத் தெரியவில்லை. கூட வருபவர்களைத் தேர்கிறார்கள். வேலை அதன் பின்னால் வருகிறது. எல்லாருக்கும் அப்படியா என்று எனக்கு இன்னும் தெரியாது. அதைத்தான் ஆராய அனுமதி கேட்கிறேன்.”

வல்லுநர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள்தானே நடத்துநர்? பெரிய பேச்சாளர் என்றார்கள். நீங்கள் சொல்லுங்கள்.”

எழுந்தேன். நண்பர்களே, அந்த அவை எனக்காகத் திறந்து கிடந்தது. நாடகம் என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டே கால் மணி நேரம் பேசியிருப்பேன். வல்லுநர் முந்தைய மாலை கைதட்டியதை அவருக்கே நினைவூட்டியிருப்பேன். குழு சிரித்திருக்கும், இசைந்திருக்கும், சபீனாவின் தலைப்பு என் பேச்சால் பிழைத்திருக்கும். பாலத்துச் சுவரிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வை நினைவுக்கு வந்தது.

“அவர் சொன்னவை அனைத்தும் என் கண்முன் நடந்தவை. சேர்க்க எதுவும் இல்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதைவிடக் குறுகிய உரையை நான் எந்த அவையிலும் ஆற்றியதில்லை.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். மண்டபத்து வாசலில் சபீனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வல்லுநரின் குரல் உயர்ந்து கேட்டது. பிறகு ஒருங்கிணைப்பாளரின் தாழ்ந்த குரல்.

நெறியாளர்தான் வெளியே வந்தார். “தலைப்பை மாற்றச் சொல்கிறார்கள்” என்றார். சபீனா கண்களை மூடிக்கொண்டார். “அதாவது, வேலைத் தேர்வு என்பதை எடுத்துவிட்டு வேலைப் பயணக் கூட்டு என்று வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பதிவு பின்னிணைப்புக்குப் போகும். முதல் இயலுக்கான களப்பணியை முழுவதுமாக மறுபடி செய்ய வேண்டும். சம்மதம் என்றால் இன்றே கையெழுத்திட்டுவிடுகிறேன்.”

“சம்மதம் சார்” என்பதைச் சபீனா மூன்று முறை சொன்னார். வல்லுநர் போகும்போது எங்களிடம் பேசவில்லை. ஆனால் காரில் ஏறப்போனவர் திரும்பி வந்து, “அந்த மாமியார் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சொல்வதற்காக ஊருக்குப் போனோம். அதே சமுதாயக் கூடம். அதே மைக்கோடு அதே உறுப்பினர். பெண்கள் இந்த முறை எப்படி வேண்டுமானாலும் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணமும் முத்துமாரியும் ஒரே பெஞ்சில். தலைப்பு உறுதியானதைச் சபீனா சொல்லி முடித்ததும் கைதட்டினார்கள். பிறகு பஞ்சவர்ணம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தார்.

“அதெல்லாம் சந்தோசம் பாப்பா. தம்பி, எங்களுக்கு ஒரு ஞாயம் சொல்லுங்க. அன்னைக்கு அம்புட்டு நேரம் தொண்டை கிழியப் பேசுனோம். டீயும் குடிச்சாச்சு. தீர்ப்புச் சொல்லாமப் போயிட்டீகளே! நாங்க ஒக்காந்தே கெடந்தோம். ஜீப்புல இருந்து அதத்தான கத்திக் கேட்டேன், காதுல வாங்குனீகளா?”

“ஆமா, யாரு ஜெயிச்சது?” என்றார் முத்துமாரி. “எம் மகனை இழுத்ததுக்கு இவளுக்கு மார்க்கைக் குறைச்சிருக்கணும்.”

ஒருங்கிணைப்பாளர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நடுவில் உட்கார்ந்திருந்த என்னை அவர்கள் நடுவராகவே வைத்திருந்தார்கள். நன்றி சொன்ன பிறகும் எழாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வராத ஒரு தீர்ப்புக்காக அவ்வளவு நேரம் காத்திருந்திருக்கிறார்கள். குறைபட்டுப் போனது அதனால்தான்.

உறுப்பினர் முந்திக்கொண்டு மைக்கை என் கையில் திணித்தார். “இன்னைக்காவது சொல்லிருங்க தம்பி. வெளிய கட்டியிருக்குற ஸ்பீக்கர்லயும் கேக்கும். தெருவே காத்துக்கிட்டிருக்கு.”

மைக்கைக் கையில் வாங்கினால் என் முதுகு தானாக நிமிரும். அன்றும் நிமிர்ந்தது. கூடம் அடங்கியது. தெருவில் யாரோ பிள்ளைகளை அதட்டிச் சத்தத்தை நிறுத்தினார்கள். சபீனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனை வரை கேட்கும்படி, நான் சொன்னது இதுதான்:

“அன்னைக்கு நீங்க பேசுன பேச்சுக்கு என்கிட்டத் தீர்ப்பு இல்ல, அக்கா. இனிமே இந்த ஊருக்கு நாங்க யாரு வந்தாலும் மைக் இல்லாம வருவோம். உங்க ஜீப்புல பின்னாடி, நீங்க ஒதுக்குற எடத்துல இடிச்சுக்கிட்டு உக்காந்து வருவோம். லோயர் கேம்ப் தாண்டுற வரைக்கும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டோம். நீங்களா பேச ஆரம்பிச்சா, இது உங்க பேச்சா, உங்களுக்கு விழுந்த பேச்சான்னு அத மட்டும் முதல்ல கேப்போம். இந்தத் தெருவுல கேட்டுக்கிட்டிருக்குற எல்லாரும் சாட்சி: நாளைக்குக் காலையில மொத ஆளா நான் வர்றேன்.”